எண்ணெய்ப் பொட்டலத்தில் எண் 319

போடியிலிருந்து அதிகாலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் பலரின் பையில், சோற்றுத் தூக்குவாளியுடன் ஒரு பிஸ்கட் பொட்டலமோ மிக்சர் பொட்டலமோ இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. மலைமேல் நினைத்த நேரத்தில் கடைக்குச் செல்ல இயலாது. ஆகவே பல நாள் கெடாமல் இருக்கும் உணவுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. அது எப்படிக் கெடாமல் இருக்கிறது என்ற ஐயமும், அதற்காகச் சேர்க்கும் பொருளால் புற்றுநோய் வருமோ என்ற அச்சமும் எங்கள் மருத்துவமனைக்கு வரும் நோயாளரிடமும் அவர்களுடன் இருப்போரிடமும் அடிக்கடி வெளிப்படுகின்றன. கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றைக் காட்டி, “இது உண்மையா?” என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு ஓரிரு சொற்களில் விடையளித்து அனுப்புவது நியாயமாகாது என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எண்ணெய் கெடுவது சோறு கெடுவது போன்றதன்று. சோற்றைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள். எண்ணெயைக் கெடுப்பது காற்றிலுள்ள ஆக்சிஜன். எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் எளிதில் தாக்குண்ணும் இடங்கள் உள்ளன. வெளிச்சமோ வெப்பமோ செம்பு, இரும்பு போன்ற உலோகத் துகளோ தூண்ட, அவ்விடங்களில் ஆக்சிஜன் பற்றிக்கொள்கிறது. பற்றிய மூலக்கூறு அடுத்ததைத் தாக்குகிறது; அது அதற்கடுத்ததைத் தாக்குகிறது. இச்சங்கிலி நீள நீள ஆல்டிஹைடு முதலிய சிதைவுப் பொருள்கள் உண்டாகின்றன. நாம் ‘காறல்’ என்றும் ‘சிக்கு வாடை’ என்றும் சொல்வது இவற்றின் மணத்தையே.

ஏலமலையோடு தொடர்புடையவர்களுக்கு இந்தப் பாடம் புதியதன்று. பச்சை மாறாமல் உலர்த்திய ஏலக்காயைத் திறந்த தட்டில் வெயில்படும்படி வைத்தால் சில வாரங்களில் நிறம் வெளுத்து மணமும் குன்றும். அதனால்தான் உள்ளே கறுப்பு பாலித்தீன் உறையிட்ட சாக்குகளில் கட்டி, ஈரம் ஏறாத இருண்ட அறையில் வைக்கிறார்கள். வெளிச்சத்தையும் காற்றையும் விலக்கி வைப்பதே மிகப் பழைய, மிக நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பு முறை. வேதிப்பொருள் அதற்குத் துணையாகப் பின்னர் வந்தது.

சில எண்ணெய்கள் தம் காவலைத் தாமே கொண்டுள்ளன. நல்லெண்ணெய் மற்றப் பல எண்ணெய்களைவிட நெடுநாள் காறாமல் இருப்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். எள்ளில் இயற்கையாகவே உள்ள செசமால் முதலிய பொருள்கள் அதற்குக் காரணம். தாவர எண்ணெய்கள் பெரும்பாலானவற்றில் வைட்டமின் ஈ எனப்படும் டோக்கோபெரால்கள் இருக்கின்றன. எண்ணெயைச் சுத்திகரித்து மணம் நீக்கும்போது இவற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. அக்குறையை நிரப்பவும், பொட்டலம் பல மாதம் கடையில் இருக்கவேண்டும் என்பதற்காகவும், தொழிற்சாலையில் செயற்கைத் தடுப்பான்களைச் சேர்க்கிறார்கள்.

அவற்றுள் முதன்மையானவை நான்கு. பியூட்டிலேற்றப்பட்ட ஹைட்ராக்சி அனிசோல், சுருக்கமாகப் பி.எச்.ஏ.; இதன் எண் 320. அதன் உடன்பிறப்பு போன்ற பியூட்டிலேற்றப்பட்ட ஹைட்ராக்சி டொலுவீன், எண் 321. இதன் சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதினால் முனைவர் பட்டம்போல் தோன்றும் என்பதால் எண்ணாலேயே குறிப்பிடுவோம். மூன்றாவது டி.பி.எச்.கியூ.; எண் 319. சமையல் எண்ணெய்ப் பொட்டலங்களில் நம் கண்ணில் மிகுதியாகப் படுவது இதுவே. நான்காவது புரொப்பைல் காலேட்; எண் 310. பி.எச்.ஏ. 1940-களின் பிற்பகுதியிலிருந்தும், 321 அமெரிக்காவில் 1954 முதலும், 319 அங்கு 1972 முதலும் உணவில் பயன்பட்டு வருகின்றன.

இவை செய்யும் வேலை எளியது. மேலே சொன்ன சங்கிலியில் நடுவே புகுந்து, தம்மிடமுள்ள ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து, தாக்க வரும் மூலக்கூறைத் தணிக்கின்றன. கொடுத்தபின் தாமும் எவரையும் தாக்காமல் அடங்கிவிடுகின்றன. சங்கிலி அத்துடன் அறுகிறது. ‘பியூட்டைல்’ என்ற பெயரைக் கண்டு, “இது அடுப்பு எரிவாயுவிலுள்ள பியூட்டேன்” என்று பரப்பப்படுவது தவறு. நான்கு கார்பன் கொண்ட ஒரு கிளை அம்மூலக்கூறில் உண்டு, அவ்வளவே. பிளாஸ்டிக்கிலும் விமான எரிபொருளிலும் 321-ஐச் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. அங்கும் அது ஆக்சிஜனைத் தடுக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு பொருள் வேறு எங்கெல்லாம் பயன்படுகிறது என்பது அதன் நஞ்சுத்தன்மைக்கு அளவுகோலாகாது. தண்ணீரும் எந்திரங்களைக் குளிர்விக்கப் பயன்படுகிறது.

புற்றுநோய் அச்சம் எங்கிருந்து வந்தது?

அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் நகோயா நகரப் பல்கலைக்கழகத்தில் நொபுயூகி இட்டோவும் அவருடைய குழுவினரும் எலிகளுக்கு பி.எச்.ஏ. கலந்த தீவனம் கொடுத்து ஆராய்ந்தார்கள். தீவனத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு பி.எச்.ஏ. உண்ட எலிகளின் முன் இரைப்பையில் புற்றுக்கட்டிகள் தோன்றின. அந்த முடிவு உலகெங்கும் கவனிக்கப்பட்டது. உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1986-இல் பி.எச்.ஏ.-வை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் வைத்தது. 321-ஐ, வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாத மூன்றாம் பிரிவில் வைத்தது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டமும் 1991 முதல் பி.எச்.ஏ.-வைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது.

இம்முடிவுகளை எப்படிப் படிப்பது? முன் இரைப்பை என்பது எலி இரையைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் பை. மனிதருக்கு அவ்வுறுப்பு இல்லை. அது இல்லாத நாய், பன்றி, குரங்கு ஆகியவற்றில் செய்த சோதனைகளில் அத்தகைய கட்டிகள் காணப்படவில்லை. அளவும் நோக்கத்தக்கது. எலி உண்ட தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 20 கிராம் பி.எச்.ஏ. இருந்தது. நம் நாட்டுச் சட்டம் சமையல் எண்ணெயில் அனுமதிப்பது கிலோவுக்கு 200 மில்லிகிராம். நூறில் ஒரு பங்கு. அதுவும் எண்ணெயில் மட்டும், உண்ணும் உணவு முழுவதிலும் அன்று.

மனிதரிடம் திரட்டிய சான்றும் உண்டு. நெதர்லாந்தில் 1986-இல் தொடங்கி, 55 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,20,852 ஆண் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், உணவு வழியாக பி.எச்.ஏ.-வும் 321-உம் உட்கொள்வதற்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. இது 2000-இல் வெளியானது. ஓர் ஆய்வால் எல்லா ஐயமும் தீர்ந்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். வல்லுநர் குழுக்களிடையே கருத்து வேறுபாடும் இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் பி.எச்.ஏ.-வுக்கான பாதுகாப்பான அளவை இரு மடங்காக உயர்த்தியது. மறுபக்கம் ஜப்பானில் 319-க்கு அனுமதியே இல்லை. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு “அங்கே தடை, இங்கே விற்பனை” என்று முழங்குவது எளிது. நோயாளிக்கு அது உதவாது.

2பி என்ற பிரிவைப் பற்றி ஒரு சொல். அந்தப் பிரிவில் கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. புகையிலை, பாக்கு, மது ஆகியவையோ ஐயத்துக்கு இடமில்லாத முதற்பிரிவில் இருக்கின்றன. 319-ஐ அஞ்சி எண்ணெய்ப் பொட்டலத்தை ஒதுக்குபவரின் மடியிலேயே வெற்றிலையும் புகையிலையும் முடிந்திருப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். வாய்ப்புற்று அந்த மடியிலிருந்துதான் வருகிறது.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு, வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கு எதிர்பார்க்கப்படாத அளவை ஒவ்வொரு பொருளுக்கும் வகுத்திருக்கிறது. விலங்குகளில் தீங்கு தோன்றாத அளவை எடுத்து, பொதுவாக அதில் நூறில் ஒரு பங்கையே மனிதருக்கு வைப்பது வழக்கம். 319-க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.7 மில்லிகிராம், பி.எச்.ஏ.-வுக்கு 0.5, 321-க்கு 0.3.

அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 319-இன் எல்லை நாளொன்றுக்கு 42 மில்லிகிராம். சட்டம் அனுமதித்த முழு அளவும் எண்ணெயில் இருக்கிறது என்று கொண்டால்கூட, அந்த எல்லையைத் தொட அவர் ஒரே நாளில் 210 கிராம் எண்ணெய் உண்ணவேண்டும். நாளுக்கு 30 கிராம் எண்ணெய் உண்பவருக்குச் சேர்வது 6 மில்லிகிராம். “ஒரு கிராம் உண்டால் மயக்கம் வரும்” என்று பரவும் செய்தியை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அந்த ஒரு கிராமுக்கு ஐந்து கிலோ எண்ணெய் வேண்டும்.

குழந்தைகளின் கணக்கு இவ்வளவு தாராளமானதன்று. இதைப் பெற்றோர் கவனித்துப் படிக்கவேண்டும். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு 319-இன் எல்லை 10.5 மில்லிகிராம், அது 52 கிராம் எண்ணெயில் அடங்கிவிடும். ஐம்பது கிராம் சிப்ஸ் பொட்டலத்தில் ஏறத்தாழ 17 கிராம் எண்ணெய் இருக்கும். மூன்று பொட்டலம் தின்ற நாளில் குழந்தை எல்லையை நெருங்கிவிடுகிறது. ஒரு நாள் அப்படி நேர்ந்தால் நஞ்சாகிவிடாது. எல்லை என்பது வாழ்நாள் கணக்கு. ஆனால் தாயும் தந்தையும் தோட்டத்துக்குச் சென்றபின் பொட்டலமே நாள்தோறும் சிற்றுண்டியாகும் வீடுகளில் இது சிந்திக்கவேண்டிய செய்தி. அத்தகைய வீட்டில் 319-க்கு முன்னரே உப்பும் கொழுப்பும் குழந்தையைத் தாக்கத் தொடங்கியிருக்கும்.

அளவு என்னும் கருத்து எவ்வளவு எளிதில் குழம்பிவிடும் என்பதற்கு நம் ஏலக்காயே சான்று. சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக ஆய்வறிக்கை வந்ததை அடுத்து, 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அதன் விற்பனையை நிறுத்தியது. இலட்சக்கணக்கான டின்கள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் ஊரல்லவா போடி? இங்கே அந்த வழக்கைப் பேசாதவர் குறைவு. ஒரு கிலோ ஏலக்காயில் உள்ள எச்சமும், சிட்டிகை ஏலப்பொடி கலந்த ஒரு கரண்டிப் பாயசத்தில் உள்ள எச்சமும் ஒன்றன்று என்பதை அப்போது பலர் உணர்ந்தார்கள். இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். பூச்சிக்கொல்லி எச்சம் உணவில் இருக்கத் தேவையில்லாதது, தோட்டத்திலேயே குறைக்கவேண்டியது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் ஒரு பயனுக்காக அளந்து சேர்க்கப்படுவது. இரண்டையும் ‘கெமிக்கல்’ என்ற ஒரே சொல்லால் சுட்டும்போது தோட்டத்தில் மருந்து தெளிப்பவருக்கு நேரும் உண்மையான ஆபத்து மறைந்துபோகிறது.

கண்ணுக்குத் தெரியும் ஆபத்து

தடுப்பான் இருக்கும் எண்ணெயைவிட, தடுப்பான் தீர்ந்துபோன எண்ணெயையே நாங்கள் மிகுதியாக அஞ்சுகிறோம். பொரிக்கும்போது பண்டத்திலிருந்து எழும் நீராவியுடன் பி.எச்.ஏ.-வும் 321-உம் பெருமளவில் வெளியேறிவிடுகின்றன. 319-உம் வெப்பத்தில் குறைகிறது. ஆகவே இரண்டாம் முறை, மூன்றாம் முறை காயும் எண்ணெய்க்குக் காவல் இல்லை. அதில் சிதைவுப் பொருள்கள் பெருகிக்கொண்டே போகின்றன. விலங்குச் சோதனைகளில் இத்தகைய எண்ணெய் ஈரலுக்கும் குருதிக்குழாய்களின் உட்சுவருக்கும் தீங்கு செய்வது தெரியவந்துள்ளது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலை முதல் விதித்திருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. எண்ணெய் கறுத்துக் குழகுழப்பானால், நுரை அடங்காமல் பொங்கினால், சூடேறும் முன்பே புகைந்தால், மூக்கில் ஏறும் வாடை அடித்தால் அதன் காலம் முடிந்தது. பழைய எண்ணெயோடு புதியதை ஊற்றிக் கலப்பது புதியதையும் விரைவில் கெடுக்கும்.

“எந்த வேதிப்பொருளும் வேண்டாம்” என்று எண்ணிச் சிலர் உதிரி எண்ணெய்க்குப் போகிறார்கள். முகவரியும் நாளும் எண்ணும் இல்லாத எண்ணெயில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1998-இல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ மூவாயிரம் பேர் உடல் வீங்கி நோயுற்றார்கள். நம்பிக்கையான செக்கில் கண்முன் ஆட்டிய எண்ணெய் நல்லதே. அதில் செயற்கைத் தடுப்பான் இல்லை என்பதால் சிறிய அளவில் வாங்கி, நிறைய நிரப்பிய எவர்சில்வர் பாத்திரத்திலோ கருநிறக் கண்ணாடிப் புட்டியிலோ மூடி, அடுப்பங்கரைச் சூடு படாத இடத்தில் வைத்து, இரண்டொரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஜன்னலோரத்தில் பாதி காலியான புட்டி நிற்குமானால் அது காறுவதற்கென்றே வைத்ததாகும்.

மாத்திரையாக வரும் தடுப்பான்கள்

‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற அதே சொல் உணவுப் பொட்டலத்தில் அச்சத்தையும் மருந்துக்கடையில் ஆசையையும் எழுப்புவது விந்தை. உடலுக்கு வலிமை தரும் என்று எண்ணி வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்போர் இருக்கிறார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. நாளும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற ஆய்வொன்று, அதே காரணத்தால் 1996-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இம்மாத்திரையை அணுகவேண்டாம். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரும், குருதி உறையாமல் இருக்க மருந்து உண்போரும் எந்தச் சத்து மாத்திரையையும் தங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக்கூடாது. முருங்கைக்கீரையிலும் நெல்லிக்காயிலும் கேரட்டிலும் இவை உணவோடு உணவாக வருகின்றன. அதற்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு

இதுவரை பெரும்பாலும் அச்சத்தைத் தணிக்கவே எழுதினோம். இப்போது ஓர் உண்மையான எச்சரிக்கை. உணவு கறுக்காமல் தடுக்கச் சல்பைட்டுகள் என்னும் வேறொரு வகைப் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. இவற்றின் எண்கள் 220 முதல் 228 வரை. பொன்னிற உலர் திராட்சை, உலர்ந்த ஆப்ரிகாட் பழம், பழச்சாறு ஸ்குவாஷ், ஒயின் முதலியவற்றில் இவை இருக்கக்கூடும். முன்னாளில் ஏலக்காயைக் கந்தகப் புகையிட்டு வெண்மையாக்கி விற்றதும் இதே கந்தக டைஆக்சைடைக் கொண்டுதான். ஆஸ்துமா உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேர்வரை சல்பைட்டால் மூச்சுக்குழல் சுருங்கப்பெறுவர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. உயிரிழப்புகள் நேர்ந்ததால், பச்சையாக உண்ணும் காய்கனிகளில் இவற்றைச் சேர்க்க அமெரிக்கா 1986-இல் தடை விதித்தது. நம் நாட்டில் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் பொட்டலத்தில் ஒவ்வாமைக் குறிப்பாக அறிவிக்கவேண்டும் என்பது விதி.

பொட்டலத்தின் எழுத்து ஆங்கிலத்தில் நுண்ணியதாக இருக்கும். படிக்க இயலவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எண்களைப் படிக்க ஆங்கிலம் தேவையில்லை. சேர்மானப் பட்டியலின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் 319, 320, 321, 310 என்று இருந்தால் அவை நாம் பேசிய செயற்கைத் தடுப்பான்கள். 300 என்பது வைட்டமின் சி. 306, 307 என்பவை வைட்டமின் ஈ வகை. 220 முதல் 228 வரை கண்டால் ஆஸ்துமா உள்ளவர் அப்பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிடலாம். பி.எச்.ஏ.-வாலும் 321-ஆலும் சிலருக்குத் தோலில் தடிப்பு வந்ததாக மருத்துவக் குறிப்புகள் உண்டு, இது அரிது.

ஏதேனும் ஒரு பொட்டல உணவை உண்ட சிறிது நேரத்தில் இளைப்போ தோல் தடிப்போ கண்டால், அந்த உறையைக் கிழித்து எறியாமல் மடித்து வையுங்கள். உண்ட நேரத்தையும், உண்ட அளவையும், தொந்தரவு தொடங்கிய நேரத்தையும் அதன் பின்புறத்திலேயே பேனாவால் எழுதுங்கள். மூச்சு வாங்கினால் உடனே சிகிச்சைக்கு வரவேண்டும். மலைமேல் இருப்பவர்கள் ஜீப் கிடைக்கும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்கவேண்டும். வரும்போது அந்த உறையையும் கையோடு கொண்டு வந்தால், எந்த எண் உங்களுக்கு ஆகவில்லை என்று கண்டறிவது எங்களுக்கு எளிதாக இருக்கும்.